திரைக்குள் ஓர் ஊர் - 9: சுரங்கத்துச் சந்தை

எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்லும் 1978-ல் வெறும் எழுத்துகளால் கட்டிய ‘மட்’ விளையாட்டில் தொடங்கினோம். 1997-ல் வந்த ‘அல்டிமா ஆன்லைன்’ வரை வந்து, அங்கே ராஜா வேடத்தில் உலவிய அதன் படைப்பாளி ரிச்சர்ட் கேரியட்டையே ஓர் ஆட்டக்காரர் தீ மந்திரம் போட்டுச் சாகடித்த கதையோடு போன வாரம் நிறுத்தினோம். கூடி விளையாட வந்தவர்கள் ஒருவரையொருவர் வழிப்பறி செய்துகொண்டிருந்த காலம். அடுத்து வந்த விளையாட்டு, முன்பின் தெரியாதவர்களின் தயவில்லாமல் பத்தடிகூட நகர முடியாதபடி ஆட்களைக் கட்டிப்போட்டது.

* * *

2000-ம் ஆண்டின் ஏதாவது ஒரு மாலை. இடம், நோராத் என்ற கற்பனை உலகம்.

ஃப்ரீபோர்ட் நகரத்தின் மேற்கு வாசலைத் தாண்டினால் ஈஸ்ட் காமன்லேண்ட்ஸ் என்ற புல்வெளி. கொஞ்ச தூரம் ஓடினால் ஒரு குன்று. குன்றைக் குடைந்து ஒரு சுரங்கவழி. மறுபக்கம் வெளியே வந்தால் நார்த் ரோ பாலைவனம்.

ஆட்டத்தை உருவாக்கியவர்களுக்கு அது வெறும் வழி. ஒரு மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் துளை. ஆனால் அந்த மாலையில் அங்கே நுழைகிறவர் முதலில் பார்ப்பது கும்பல். இரண்டு பக்கச் சுவரையும் ஒட்டி மனிதர்கள், குள்ளர்கள், ராட்சதர்கள், பல்லி உடம்புக்காரர்கள். திரையின் அடியில் எழுத்துகள் வேகமாக ஓடுகின்றன. ‘கறுப்புப் பட்டுக் கச்சை விற்பனைக்கு, விலை கேளுங்கள்.’ ‘வெள்ளித்தட்டுக் கவசம் வேண்டும், நல்ல விலை தருகிறேன்.’ ‘இந்த வாள் இப்போது என்ன விலைக்குப் போகிறது, யாராவது சொல்லுங்களேன்.’

யாரும் திட்டம் போட்டு வைத்த சந்தை இல்லை இது. வங்கி இருக்கும் ஃப்ரீபோர்ட் பக்கத்தில் இருந்தது. சுரங்கத்துக்குள் ஆபத்தான மிருகம் எதுவும் வராது. இன்னொரு வசதியும் உண்டு: ஃப்ரீபோர்ட் காவலர்கள் கறுப்பு எல்ஃப்களையும் ராட்சதர்களையும் கண்டதும் வெட்டுவார்கள், ஊருக்கு வெளியே இருந்த சுரங்கத்தில் காவலர் தொல்லை இல்லை. ஆக, எல்லா சாதி சனமும் வந்து நிற்கக்கூடிய ஒரே இடமாக அது அமைந்தது. நம் ஊரில் நாலு சாலை சேரும் இடத்தில் வாரச்சந்தை தானாகக் கூடுமே, அதே கணக்கு. சில சர்வர்களில் (ஒவ்வொரு சர்வரும் இதே உலகத்தின் தனிப் பிரதி) இதே சந்தை வேறு இடத்தில், கிரேட்டர் ஃபேடார்க் என்ற காட்டில் கூடியது. எங்கே கூடினாலும் கூட்டியவர்கள் ஆட்டக்காரர்கள்தான்.

விற்பவர், வாங்குபவர் மட்டுமா வந்தார்கள்? அறிவு தெளியும் மந்திரத்தைப் போட்டுவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் மந்திரவாதிகள் வந்தார்கள். காசு கேட்டுப் பின்னாலேயே ஓடிவரும் கத்துக்குட்டிகள் வந்தார்கள். புது வாள் வாங்கிய குஷியில் பழைய வாளை ஏதோ ஒரு கத்துக்குட்டியின் கையில் திணித்துவிட்டுப் பேர்கூடக் கேட்காமல் போகிற பெரியவர்களும் வந்தார்கள். பேச்சுக்காகவே வந்து நின்றவர்கள் இன்னொரு பாதி.

விளையாட்டின் பெயர் ‘எவர்குவெஸ்ட்’.

* * *

பிறந்த கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் சோனியின் விளையாட்டுப் பிரிவில் இருந்த ஜான் ஸ்மெட்லிக்கு இணையத்தில் ஓர் உலகம் கட்ட ஆசை. 1996-ல் பிராட் மெக்வைட், ஸ்டீவ் க்ளோவர் என்ற இரண்டு இளைஞர்களை வேலைக்கு எடுத்தார். இருவரும் ‘வார்விசார்ட்’ என்ற சிறு விளையாட்டைச் சொந்தமாக எழுதியவர்கள். அதைவிட முக்கியமான தகுதி, இருவரும் இரவெல்லாம் கண்விழித்து எழுத்து விளையாட்டுகள் ஆடியவர்கள். குறிப்பாக, டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் பிறந்த ‘டிகுமட்’ வகை விளையாட்டுகள்.

1999 மார்ச் 16-ல் எவர்குவெஸ்ட் வெளியானது. பழைய எழுத்து உலகத்துக்கு முப்பரிமாண உருவம் கொடுத்ததுபோல இருந்த அதைப் பார்த்து, டிகுமட் நிரலையே சுட்டுவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. ஒரு வரிகூட எடுக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு உறுதிமொழி கொடுக்க வேண்டிய நிலை வந்தது. கொடுத்தார்கள். நிரலை எடுக்கவில்லை என்பது உண்மைதான். அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு பிடிவாதத்தை: இந்த உலகம் ஆட்டக்காரரைத் தாங்கிப் பிடிக்காது.

வரைபடம் கிடையாது. எந்தத் திசையில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வதே ஒரு தனித் திறமை. பழகிப் பழகித்தான் அது வரும். ராத்திரி என்றால் நிஜமான இருட்டு; மனிதக் கதாபாத்திரத்துக்குக் கண் தெரியாது. நோராத்தின் ஒரு நாள் நம் கணக்கில் 72 நிமிடம். கித்திகோர் என்ற காட்டில் பொழுது சாய்ந்தால் வலிமையான பிணப்படை எழுந்து நடமாடும். கீனோஸ் நகரத்திலிருந்து ஃப்ரீபோர்ட்டுக்கு நடைப்பயணம் போகிறவர்கள் அந்தக் காட்டைக் கடந்தாக வேண்டும். அதனால் காட்டின் விளிம்பில், விடியும்வரை, ஏழெட்டுப் பேர் காத்திருப்பார்கள். அவர்களுக்குள் அறிமுகம் இருக்காது. விடிந்ததும் சேர்ந்து ஓடுவார்கள். அடுத்த ஊர் வருவதற்குள் பெயர் தெரிந்திருக்கும்.

* * *

நோராத்தில் சாவுக்கு மரியாதை இருந்தது.

இன்றைய விளையாட்டுகளில் செத்தால் நாலு விநாடியில் எழுந்து தூசு தட்டிக்கொள்ளலாம். இங்கே அப்படியில்லை. செத்ததும் தொலைதூரத்தில், கடைசியாக உயிரைப் பிணைத்து வைத்த ஊரில் எழுவீர்கள். உடம்பில் ஒன்றும் இருக்காது. வாள், கவசம், பை, பணம் எல்லாம் செத்த இடத்திலேயே, சடலத்தோடு. பல வாரம் உழைத்துச் சேர்த்த அனுபவப் புள்ளிகளில் ஒரு பங்கு அப்போதே போய்விடும்; சில சமயம் ஒரு லெவலே இறங்கிவிடும். கெடுவுக்குள் சடலத்தை எடுக்காவிட்டால் அதுவும் மக்கிப்போகும், அதிலிருந்த அத்தனையும் சேர்ந்து.

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். இன்னதூல் சதுப்புநிலத்துக்கு அடியில் கூக் என்ற பாழடைந்த தவளைமனிதர் நகரம். அதன் கீழ்த்தளத்தில் ஆறு பேர் கொண்ட குழு (ஒரு குழுவில் ஆறு பேர்தான் இருக்க முடியும்) சண்டை போடுகிறது. யாரோ ஒருவர் கால் தவறிப் பத்துப் பிசாசுகளை இழுத்துக்கொண்டு ஓடிவருகிறார். ‘ட்ரெயின்!’ என்று ஒரு கத்தல். பின்னால் வரிசையாக வருவதால் அதற்கு ரயில் என்றே பெயர். ஒரு நிமிடத்தில் ஆறு பேரும் காலி. ஆறு சடலமும் நிலவறையின் அடிவயிற்றில். ஆறு பேரும் வெவ்வேறு ஊர்களில், கையில் கத்திகூட இல்லாமல்.

வெளியே இரவு ஒரு மணி. மறுநாள் எல்லோருக்கும் வேலை இருக்கிறது.

இந்த இடத்தில்தான் எவர்குவெஸ்டின் வித்தை வேலை செய்தது. அந்த ஆறு பேரால் தாங்களாகவே சடலத்தை மீட்க முடியாது. யாரையாவது கேட்டாக வேண்டும். செத்ததுபோலக் கிடந்து மிருகங்களை ஏமாற்றத் தெரிந்த துறவி ஒருவர் வேண்டும். அவர் பெயரைத் தட்டி, ‘என் சடலத்தைத் தொட இவருக்குச் சம்மதம்’ என்று கட்டளை கொடுக்க வேண்டும். அவர் உள்ளே போவார். ஒரு சடலத்தை இழுப்பார். பிசாசு திரும்பினால் தொப்பென்று விழுந்து செத்ததாக நடிப்பார். அது போனதும் எழுந்து இன்னும் பத்தடி இழுப்பார். இப்படி ஆறு சடலம். துறவி கிடைக்காவிட்டால் பிணமந்திரவாதி. தூரத்துச் சடலத்தைக் காலடிக்கு வரவழைக்கும் மந்திரம் அவரிடம் உண்டு. ஆனால் அதற்கு ஒரு சவப்பெட்டியை விலைக்கு வாங்கி வைத்திருக்க வேண்டும். சடலம் வாசலுக்கு வந்தபின் ஒரு பூசாரி. உயிர்ப்பிக்கும் மந்திரம் போட்டால், இழந்த புள்ளிகளில் 96 சதவீதம்வரை திரும்பும்.

அந்தத் துறவிக்கு இதில் லாபம் ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரம் போகும். அவரே செத்தாலும் சாகலாம். ஆனாலும் வந்தார்கள். போன மாதம் அவருடைய சடலம் எங்கோ கிடந்தபோது யாரோ வந்திருப்பார்கள். இவர்களும் நாளைக்கு வருவார்கள்.

இணைய விளையாட்டு ஆட்டக்காரர்களிடம் 1999 முதல் பத்தாண்டு காலம் கருத்துக்கணிப்பு நடத்திவந்த ஆய்வாளர் நிக் யீ, இந்த ஆட்டத்தின் நட்புகளுக்கு அதன் சாவையே ஒரு முக்கியக் காரணமாகச் சொல்கிறார். ஆபத்தும் காத்திருப்பும் அடுத்தவரை நாடவைத்தன, நாடியதால் நம்பிக்கை வளர்ந்தது என்பது அவர் வாதம். எனக்கு அதில் முழு உடன்பாடு, ஒரே ஒரு சேர்க்கையோடு: உதவி கேட்பதில் அங்கே வெட்கம் இருக்கவில்லை. எல்லோருமே ஒருநாள் அம்மணமாக ஊர்வாசலில் நின்றவர்கள்தான்.

* * *

காத்திருப்பு என்றேன். அது சாதாரணக் காத்திருப்பில்லை.

மந்திரம் போடுகிறவர்களுக்கு மனா என்ற சக்தி தீர்ந்தால் தரையில் உட்கார வேண்டும். உட்கார்ந்து மந்திரப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். 35-வது லெவல் வரும்வரை அந்தப் புத்தகம் திரையை அடைத்துக்கொண்டு நிற்கும். வெளியே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. பல நிமிடம் இப்படி. அப்புறம் ஒரு சண்டை. மறுபடி புத்தகம்.

ஆட்கள் கொட்டாவி விடுவது நிறுவனத்துக்கும் தெரிந்திருக்கிறது. உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஆட, மணிகளை அடுக்கும் ஒரு குட்டி விளையாட்டை ஆட்டத்துக்குள்ளேயே வைத்தார்கள். விளையாட்டில் சலிப்பு தட்டினால் ஆடுவதற்கு ஒரு விளையாட்டு! இதைவிட நேர்மையான ஒப்புதல் வாக்குமூலம் இருக்க முடியாது.

புத்தகம் மறைக்காத ஒரே இடம், கீழே ஓடும் உரையாடல். கண்ணுக்கு வேறு வேலை இல்லாததால் பேசினார்கள். ஒஹையோவில் ஷிஃப்ட் முடித்து வந்தவர், லண்டனில் தூக்கம் வராதவர், குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்த தாய், இப்படிப்பட்டவர்கள் ஆறு பேராக ஒரு குகை மூலையில் நாலு மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் பிசாசுகளைப் பற்றிப் பேச்சு. அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? வேலை போனது, மணவாழ்க்கை முறிந்தது, அப்பாவின் நோய் என்று போகும். இந்த ஆட்டத்தை உள்ளிருந்தே ஆராய்ந்து 2006-ல் புத்தகம் எழுதிய சமூகவியலாளர் டி.எல். டெய்லர், இது விளையாட்டா, வாழும் இடமா என்று பிரிக்கவே முடியாத இடங்களைப் பக்கம் பக்கமாகக் காட்டுகிறார்.

இதன் இருட்டுப் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். போதைப்பொருளின் பெயரை ஒட்டி ‘எவர்க்ராக்’ என்று இதை அழைத்தவர்கள் வெளியாட்கள் இல்லை, ஆடியவர்களேதான். படிப்பைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு, குடும்பத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. பத்து மணிக்கு எழுந்துபோக முடியாததற்குக் காரணம் எப்போதும் நட்பு மட்டுமில்லை. பூசாரி எழுந்துபோனால் மற்ற ஐந்து பேரும் செத்துவிடுவார்கள் என்ற நிர்ப்பந்தமும்தான்.

* * *

இந்த ஊரில் பெயர்தான் சொத்து.

ஒரு சர்வரில் சில ஆயிரம் பேர். அதில் ஒரு பெயர் ஒருவருக்குத்தான். கதாபாத்திரத்தை வளர்க்கப் பல மாதம் பிடிக்கும். கெட்டபெயர் வந்தால் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க மனசு வராது. வேறு சர்வருக்குக் குடிபெயரும் வசதி, கட்டணத்தோடு, பிற்பாடுதான் வந்தது.

கூக்கின் கீழ்த்தளத்தில் வெறிபிடித்த பேய் ஒன்று எப்போதாவது தோன்றும். அதைக் கொன்றால் அந்தக் கறுப்புப் பட்டுக் கச்சை கிடைக்கலாம். கட்டிக்கொண்டால் வாள்வீச்சு வேகமாகும். அதற்காக ஆட்கள் வரிசை கட்டினார்கள். நிறுவனம் வரிசை எதையும் ஏற்படுத்தவில்லை. அங்கே இருக்கும் குழு ஒரு பட்டியல் வைத்திருக்கும். அடுத்து யார், அதற்கடுத்து யார் என்று. ஒருவர் கிளம்பும்போது பட்டியலை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். எழுதாத சட்டம். மீறி, அடுத்தவர் பங்கைத் திருடிக்கொண்டு ஓடியவரின் பெயர் அன்று மாலைக்குள் சுரங்கத்துக்குப் போய்விடும். அதன்பின் அவருக்குக் குழு கிடைக்காது. சடலம் இழுக்க ஆள் வராது.

இந்த ஊரின் பொருளாதாரத்தை அளந்து பார்த்த ஒருவரும் உண்டு. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபுல்லர்டன் வளாகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் காஸ்ட்ரோனோவா, நோராத்துப் பணமும் பொருளும் நிஜ டாலருக்கு ஏலத்தில் விற்பதைக் கவனித்தார். 2001-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் கணக்குப்படி நோராத்தின் தனிநபர் உற்பத்தி 2,266 டாலர். ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் நடுவில், உலகின் 77-வது பணக்கார நாடு. இல்லாத நாடு!

* * *

அந்தச் சந்தை காலியான கதைக்கு இப்போது வருவோம்.

2001 டிசம்பரில் ‘ஷேடோஸ் ஆஃப் லூக்ளின்’ என்ற விரிவாக்கம் வந்தது. நோராத்தின் நிலவுக்கு ஆட்டத்தை விரித்தது. அந்த நிலவில் ‘பஜார்’ என்று ஒரு மண்டலம். அங்கே போய் வணிகப் பையில் சரக்கை வைத்து, விலையைக் குறித்து, ‘வியாபாரி’ என்று அறிவித்துவிட்டால் போதும். அதன்பின் கூவ வேண்டாம், பேரம் பேச வேண்டாம், திரையைப் பார்க்கக்கூட வேண்டாம். கணினியை அணைக்காமல் வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். வாங்குபவர் ஒரு தேடல் பெட்டியில் பொருளின் பெயரைத் தட்டுவார், யாரிடம் குறைந்த விலை என்று வரிசையாக வரும், வாங்கிக்கொண்டு போவார்.

பஜாரைப் பார்த்தவர்கள் சொல்லும் காட்சி இதுதான்: நூற்றுக்கணக்கான கதாபாத்திரங்கள் நின்றுகொண்டிருக்கும். ஒருவரும் பேச மாட்டார். அந்த உடம்புகளுக்குச் சொந்தக்காரர்கள் அங்கே இல்லை.

சுரங்கம் சீக்கிரமே வெறிச்சோடியது. ஆணை எதுவும் போடவில்லை. குறைந்த விலை இன்னொரு இடத்தில் தெரிந்தது, அவ்வளவுதான்.

அடுத்து பயணம். ஃப்ரீபோர்ட்டிலிருந்து கண்ணீர்க் கடலைத் தாண்டி ஃபேட்வருக்குப் போக ஒரு படகு இருந்தது. வரும்வரை துறையில் காத்திருக்க வேண்டும். ஏறியபின்னும் நீண்ட பயணம். மண்டலம் மாறும்போது ஆள் கடலில் விழுவதும் உண்டு. அடிக்கடி பழுதான அந்தப் படகுகளுக்குப் பதிலாகத் துறையிலேயே ஆளைத் தூக்கி அக்கரையில் வைக்கும் மந்திரவாதிகளை நிறுத்தினார்கள். 2002 அக்டோபரில் ‘பிளேன்ஸ் ஆஃப் பவர்’ என்ற விரிவாக்கம் வந்தது. அதில் அறிவுத்தளம் என்று ஒரு நகரம். ஒவ்வொரு பெரிய ஊருக்குப் பக்கத்திலும் ஒரு புத்தகம் வைத்தார்கள். தொட்டால் அறிவுத்தளம். அங்கிருந்து இன்னொன்றைத் தொட்டால் உலகின் எந்த மூலைக்கும். காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஊர்விட்டு ஊர் அனுப்பிய ட்ரூயிட்களுக்கும் மந்திரவாதிகளுக்கும் அந்த வாரத்தோடு பிழைப்பு போயிற்று. கித்திகோர் காட்டின் விளிம்பில் விடியலுக்குக் காத்திருக்க இனி யாருக்கும் தேவையில்லை. 2003 பிப்ரவரியில் வரைபடமும் வந்துவிட்டது.

2003 செப்டம்பரில் மூன்றாவது மாற்றம். ‘லாஸ்ட் டன்ஜன்ஸ் ஆஃப் நோராத்’ என்ற விரிவாக்கத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் நிலவறையின் தனிப் பிரதி. அடுத்த குழு உள்ளே வராது. வரிசை வேண்டாம். பட்டியல் வேண்டாம். ‘ட்ரெயின்!’ என்று கத்த ஆள் இல்லை. ஆபத்தில் ஓடிவந்து காப்பாற்றவும் ஆள் இல்லை.

நிறுவனத்தைத் திட்டுவது சுலபம். ஆனால் நாலு மணி நேரம் சுரங்கத்தில் நின்று தொண்டை வறளக் கூவியவர்களில் பலர் இந்த மாற்றங்களைக் கைதட்டி வரவேற்றார்கள். படகைப் பற்றி இன்று உருகுகிறவர்கள் அன்று படகைத் திட்டித் தீர்த்தவர்கள். சந்தாவும் குறையவில்லை, 2003-ல் 4 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் மாதாமாதம் பணம் கட்டினார்கள். ஒவ்வொரு மாற்றமும் தனியாகப் பார்த்தால் நியாயமானது. ஆட்டத்தை விட்டு யாரும் போகவில்லை. ஒருவரிடம் ஒருவர் போவதைத்தான் நிறுத்தினார்கள்.

* * *

அப்படியானால் நட்பு செத்துவிட்டதா? அதே 2003 நவம்பரில் நடந்த ஒரு சம்பவம் வேறு மாதிரிச் சொல்கிறது.

நோராத்தின் பனிக்கண்டத்தில் ஒரு கல்லறை. உள்ளே கெராஃபிர்ம் என்ற பல நிறப் பறவைநாகம் தூங்குகிறது. நான்கு காவல் நாகங்களையும் கொன்றால் அது விழிக்கும். விழித்தால் கல்லறையில் இருப்பவர்களைக் கொன்றுவிட்டு மண்டலம் மண்டலமாகப் பறந்து எதிர்ப்பட்டவர்களையெல்லாம் சாய்க்கும். ஒரு சர்வரில் ஒரே ஒரு முறைதான் இது நடக்கும். கல்லறையின் புதையல்களும் அத்தோடு மாறிவிடும். அதைக் கொல்ல முடியாது. கொல்வதற்காக வடிவமைக்கப்படவே இல்லை.

ராலோஸ் ஜெக் என்ற சர்வரில் அது இன்னும் விழிக்காமல் இருந்தது. ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ள அனுமதிக்கப்பட்ட சர்வர் அது. அங்கே முன்னணியில் இருந்த மூன்று கில்டுகள், அதாவது ஆட்டக்காரர்களின் நிரந்தரச் சங்கங்கள்: அசென்டிங் டான், வூடான், மேகஸ் இம்பீரியாலிஸ் மேஜிகஸ். போட்டியில் ஊறியவர்கள்.

நவம்பர் 15. மூன்று கில்டுகளும் சேர்ந்து கல்லறைக்குள் இறங்கின. கிட்டத்தட்ட 200 பேர். நாகத்தை எழுப்பினார்கள்.

அடிவிழுந்த வேகத்தில் ஆட்கள் செத்தார்கள். ஆனால் அவர்களிடம் ஒரு கணக்கு இருந்தது. மூத்த பூசாரிகளின் கையில் நீண்ட தேடலுக்குப் பின் கிடைக்கும் ஒரு தெளிப்பான் உண்டு. மனா செலவில்லாமல் இறந்தவரை எழுப்பலாம். பூசாரிகள் வரிசையாக எழுப்பிக்கொண்டே இருந்தார்கள். எழுந்தவர் ஓடிப்போய் நாலு வெட்டு வெட்டிவிட்டு மறுபடி சாவார். பூசாரி செத்தால் இன்னொரு பூசாரி எழுப்புவார். எந்தக் கில்டின் பூசாரி எந்தக் கில்டின் வீரனை எழுப்புகிறார் என்று பார்க்க நேரமில்லை. மணிக்கணக்கில் இது நடந்தது. நாகத்தின் உயிர் பாதியானது. கால்வாசியை நெருங்கியது.

நாகம் மறைந்தது.

நிறுவனத்தின் நிர்வாகிகள் அதை எடுத்துவிட்டார்கள். ஏதோ வழு இருக்கிறது என்ற சந்தேகம் காரணம். 200 பேரும் வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செய்தி பரவி, ராலோஸ் ஜெக்கைப் பார்த்தே இராத ஆட்டக்காரர்கள்கூடக் கொந்தளித்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, மறுவாய்ப்பு தந்தது.

நவம்பர் 17. அதே மூன்று கில்டுகள். மறுபடி எழுப்பினார்கள். மறுபடி செத்தார்கள், எழுந்தார்கள், செத்தார்கள். ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்துக் கெராஃபிர்ம் விழுந்தது.

சடலத்தைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. சாகவே சாகாது என்று நினைத்த நாகத்துக்குள் பரிசு வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

சுரங்கம் காலியாகி ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகியிருந்தது. படகு போய்விட்டது, வரிசை போய்விட்டது. ஆனாலும் பகையாளிகள் 200 பேர், ஒரு பைசா லாபம் இல்லாத காரியத்துக்காக, மூன்று நாளில் இரண்டு முறை கூடினார்கள். பழகிப்போன கை அவ்வளவு சீக்கிரம் மறக்காது என்பதே என் ஊகம்.

* * *

இதற்கிடையில் வேறொரு சர்வரில் ‘லெகசி ஆஃப் ஸ்டீல்’ என்று ஒரு கில்ட். அதன் தலைவர்களில் ஒருவர் ராப் பார்டோ. பகலில் அவர் கலிஃபோர்னியாவின் இர்வைன் நகரில் பிளிஸார்ட் நிறுவனத்தில் விளையாட்டு வடிவமைப்பாளர். அதே கில்டில் ஜெஃப் காப்லான் என்றொருவர். சிறுகதை எழுத்தாளராகிவிட வேண்டும் என்று முயன்று, பத்திரிகைகளின் நிராகரிப்புக் கடிதங்களை மலையாகச் சேர்த்துவைத்திருந்தவர். (எங்கள் பத்திரிகைக்கு அதில் பங்கில்லை.) நோராத்தில் சேர்ந்து நாகவேட்டை ஆடிய பழக்கத்தில் பார்டோ அவரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். அது வேலைக்கான நேர்காணல் என்று காப்லானுக்கு அப்போது தெரியாது. 2002-ல் அவர் பிளிஸார்டில் சேர்ந்தார்.

அங்கே ஓர் உலகம் தயாராகிக்கொண்டிருந்தது. எவர்குவெஸ்டில் எது இனித்தது, எது கசந்தது என்று தோலுக்குள் தெரிந்தவர்கள் அதைச் செதுக்கினார்கள். செத்தால் ஆவியாக ஓடிவந்து உடம்பில் புகுந்துகொள்ளலாம். கவசமும் வாளும் உங்களோடுதான். எந்த வகைக் கதாபாத்திரமும் யார் தயவும் இல்லாமல் கடைசி லெவல்வரை ஏறலாம். விற்க வேண்டுமா? ஏலக்கடையில் வைத்துவிட்டுப் போகலாம்.

2004 நவம்பரில், எவர்குவெஸ்டின் இரண்டாம் பாகம் கடைக்கு வந்த இரண்டு வாரத்தில், 23-ம் தேதி அதுவும் வந்தது. பெயர் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’. நோராத்தின் கில்டுகள் கூட்டம் கூட்டமாக மூட்டை கட்டின.

ஒருவர் தயவு ஒருவருக்குத் தேவையே இல்லாத அந்த ஊரில், வாரத்துக்கு மூன்று இரவு 40 பேர் ஒன்றாகக் கூடி விழித்திருக்கத் தொடங்கினார்களே, எதற்காக? அடுத்த வாரம்.